நவ்ரீன் பேர்ல ஒரு கையெழுத்து

லூர்து: டேய் பாஸ்கல், இன்னாடா பேஜாரு பண்ற? ஃபைலு கீதுன்ற, பில்லுல நவ்ரீனோட கம்ப்யூட்டர் கையெழுத்து வுழலன்ற.

பாஸ்கல்: ஃபைலு கீது சார். ஆனா...

லூர்து: கருவாட்டுப் பொட்டி ஹார்பர் கேட்டாண்ட நிக்குது. இன்னிக்கு கஸ்டம்ஸுக்கு பில்லு போவலன்னா கப்பலு பூடும். தெரியுமில்ல?

பாஸ்கல்: கம்ப்யூட்டர அழிச்சு பார்மேட் அடிச்சப்ப நான் எடுத்து வச்சது சிஇஆர் ஃபைலு சார். அது ரப்பர் ஸ்டாம்பு குத்துன காயிதம் மாரி. இது நவ்ரீன் கையெழுத்துன்னு காட்டும், அவ்ளோதான். புதுசா போடணும்னா பிஎஃப்எக்ஸ் ஃபைலு வோணும். அதுலதான் ஸ்டாம்பே கீது.

லூர்து: அது எங்க?

பாஸ்கல்: ...அழிஞ்சிட்ச்சு.

லூர்து: நவ்ரீனு, நீ பக்கத்துலதான குந்திகினு இருந்த?

நவ்ரீன்: எனக்கு இன்னா சார் தெரியும்... புதுசு வாங்கிக்கலாம்.

லூர்து: புதுசு வர ஒரு வாரம் ஆவும். ...இரு இரு. போன மாசம் இவங்கிட்ட சொல்லி ஒரு சிடி போட்டு வாங்குனேன், ஸ்டாம்போட. வூட்ல பீரோல கீது.

நவ்ரீன்: சிடியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே சார்...

லூர்து: உங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்? பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். ரெண்டு பேரும் இங்கியே இருங்க. கல்மண்டபம் வூட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்.

நவ்ரீன்: ...போய்ட்டாரா?

பாஸ்கல்: ஸ்கூட்டர் சத்தம் கேக்கல?

நவ்ரீன்: ஏண்ணா அவருக்கு சிடி போட்டுக் குடுத்த?

பாஸ்கல்: சிஇஆர் மட்டும் எடுத்தா போதும்னு நீ ஏன் சொன்ன? தெனம் கையெழுத்து போடற பொண்ணு, உனக்குத் தெரியாதா?

நவ்ரீன்: தெரியும். அழியட்டும்னுதான் சொன்னேன்.

பாஸ்கல்: இன்னாத்துக்கு?

நவ்ரீன்: அந்தப் பொட்டில மேலாக்கதாண்ணா கருவாடு. அடில பூரா செம்மரம். போன பொட்டியும் அப்டித்தானாம்... தெரியாம கையெழுத்து போட்டுட்டேன். மாட்னா அவரு பேரு எங்கியும் இல்ல, என் பேருதான். வாப்பா தாங்க மாட்டாரு. பயமா கீதுண்ணா.

பாஸ்கல்: யாரு சொன்னா?

நவ்ரீன்: லோடு ஏத்தற தங்கப்பாண்டி.

பாஸ்கல்: எங்கிட்டயும் அவந்தான் சொன்னான். போன மாசமே.

நவ்ரீன்: தெரிஞ்சுமா போட்டுக் குடுத்த?

பாஸ்கல்: பைய எடும்மா, அவரு வரதுக்குள்ள கெளம்பிடலாம். அந்த சிடிலயும் நான் போட்டது சிஇஆர் மட்டுந்தான்.