சோலைமுத்து கை வைத்த சாமான்

விலை மதிக்க முடியாத கை என்று திண்டுக்கல் கடைவீதியே சொன்ன சோலைமுத்துவின் வலது கையை நான் முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். இடது கை கூடவே வந்தது. 1956-ல் அது நியாயமான விலைதான். அதிகம் என்றுகூட என் மச்சினன் நல்லுசாமி சொன்னான்.

உட்காரச் சொல்கிறீர்கள். வேண்டாம் ஐயா, நின்றே சொல்கிறேன். அந்த நாற்காலியின் பின்காலில் ஆணி அடித்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஃபேனையும் நிறுத்தச் சொன்னால் உபகாரமாக இருக்கும். அவ்வளவு கனம் ஒரே ஒரு கொக்கியில் தொங்குகிறது. அது சுற்றுகிற வரைக்கும் எனக்குப் பேச்சு வராது.

நல்லது. இப்போது சொல்கிறேன்.

நல்லுசாமி கார் விபத்தில் இறந்ததைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வந்தது அதற்கு மட்டும் இல்லை. சோலைமுத்து மீது ஒரு மோசடிப் புகார் கொடுக்க வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் அதன் நியாயம் உங்களுக்குப் புரியும்.

எனக்கு இரும்பு வியாபாரம், பூட்டு மொத்த விற்பனை. அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே எதிராளியின் மனசைப் படிக்கிற குடும்பம். எதற்கும் ஆசைப்பட்டதாக முகத்தில் காட்டக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு தடவை ஆசைப்பட்டேன். மலைத் தோட்டம் ஒன்றை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, 1934-ஆம் வருடத்துப் பிளஷர் கார் ஒன்றைக் கோழி அடைக்கிற கொட்டகையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். முன்விளக்கு இரண்டும் ஆட்டுக்கண் மாதிரி. ஓரமெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தாலும் அது நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றி என் தோப்பு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாமான் கிடைக்கவில்லை. மதராஸுக்கு எழுதினேன், பம்பாய்க்கு எழுதினேன். இறக்குமதிக்கு லைசென்ஸ் இல்லை, அந்த மாடலே இப்போது இல்லை என்றார்கள். அப்போதுதான் சோலைமுத்து ஞாபகம் வந்தது. சேவுகம்பட்டியைச் சேர்ந்த பூட்டு வேலைக்காரன். அரமும் சுத்தியலும் கொடுத்தால் தலைமுடி நுழையாத அளவுக்கு இரண்டு இரும்பை ஒன்றோடு ஒன்று சேர்ப்பான். பூட்டுக்காரர்கள் வழக்கம் தெரியுமே, முதலாளியிடம் முன்பணம் வாங்கி, வேலை செய்து கழிப்பார்கள். முந்நூறு அப்படிக் கொடுத்ததுதான்.

வாயாடி. முதல் நாள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மொதலாளி, இதுக்கு ரிப்பேரா, இல்ல கருமாதியா? எதுக்குக் கூப்பிட்டிருக்கீங்க?" என்றான். ஆனால் வேலையில் இறங்கினால் வேறு ஆள். லாரியின் பழைய வில்லுப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து, நாள் கணக்கில் அரம் போட்டு, சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டீரிங் மூட்டை அவன் செய்து கையில் கொடுத்தபோது, சீமையில் செய்தது எது, சேவுகம்பட்டிக்காரன் செய்தது எது என்று எனக்கே தெரியவில்லை. செய்கிற ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மூன்று கோடு கீறுவான். அது அவன் குறி.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டுக்குப் போய்விடுவான். ஊரில் திருவிழா என்று போனவன் மூன்று வாரம் வரவில்லை. பிரித்துப் போட்ட என்ஜினில் அதற்குள் துரு ஏறிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது ஐயா. திரும்பி வந்தபோது, இனிமேல் தோப்பிலேயே தங்கிக்கொள் என்றேன். சாப்பாடு நானே கொண்டுவருவேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தோடு. ராத்திரி கொட்டகைக் கதவைப் பூட்டுவேன். உள்ளே விலையுள்ள சாமான்கள் இருந்தன, அதனால்.

பிறகு பகலிலும் பூட்ட வேண்டியதாயிற்று. பிறகு காலுக்கு ஒரு சங்கிலி. கனமானது இல்லை, கன்றுக்குட்டிக்குக் கட்டுகிறது. அதற்குப் பூட்டைச் சோலைமுத்துவே செய்தான். காரின் டூல் பெட்டிக்கு என்று சொல்லித்தான் செய்யச் சொன்னேன். எங்கே மாட்டப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் சுமாராகச் செய்திருப்பான். அது வேலைக்கு அழகில்லை. அரங்களை நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுப்பேன், கிளம்பும்போது எண்ணி வாங்கிக்கொள்வேன். கடையை நல்லுசாமி பார்த்துக்கொண்டான். எனக்குத் தோப்பில் உட்கார நேரம் இருந்தது. அந்த இரண்டு வருடம்தான் என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது.

அவன் சத்தம் போடவில்லையா என்று கேட்கிறீர்கள். ஏன் போட வேண்டும்? வாயைத் திறந்தால் பித்தளை திருடியதாகப் புகார் கொடுப்பேன், பேச்சாயி பெயரையும் சேர்ப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பேச்சாயி அவன் சம்சாரம். அவளிடம், கூட ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் மில்லுக்கு ஓடிவிட்டான் என்று சொன்னேன். கடைக்கு வந்து வந்து கேட்டாள். ஒரு நாள் தோப்புக்கே வந்துவிட்டாள். நான் வாசல் படலில் மறித்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே அரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"உள்ள யாருங்கய்யா?"

"புது ஆளு."

"எங்க வீட்டுக்காரரு அரம் போடுற மாதிரியே இருக்குங்களே. ரெண்டு இழுப்பு நீளமா, ஒண்ணு குட்டையா."

அவள் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அரம் நின்றது.

"அரச் சத்தத்த வச்சுப் புருசனத் தேடுனா, திண்டுக்கல்லுல தெருவுக்குப் பத்துப் பேரு உனக்குப் புருசனா வருவான். போ தாயி, போயி வேலையப் பாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சத்தம் வருமா என்று பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. போய்விட்டாள். உள்ளே போனால் சோலைமுத்து அரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன வருடம் தை மாதம் என்ஜின் கிளம்பியது. முதல் வெடிச் சத்தத்தில் தென்னைமரத்துக் காக்கா எல்லாம் எழும்பிப் பறந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்தோம் ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பெயிண்ட், மெத்தை, கதவுக்குக் கைப்பிடி. சித்திரையில் எல்லாம் முடிந்தது. சங்கிலியின் மறுமுனையை முன்சீட்டுக் காலில் மாட்டி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோப்பைச் சுற்றி ஓட்டினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது.

"எப்ப மொதலாளி என்னைய விடுவீங்க?" என்றான்.

"பெயிண்டு காயட்டும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் தலைமுறையில் யாரும் படிக்காத முகம் அது. பூட்டைத் திறக்கிற மாதிரி திறந்து படித்துவிட்டான். வெளியே விட்டால் பேசுவான், அதனால் விட முடியாது என்று நான் எனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளாததை அவன் தெரிந்துகொண்டான்.

வண்டியை நிறுத்தியதும் நிதானமாகச் சொன்னான். "ஒரு விசயம் மொதலாளி. இதுல ஒரே ஒரு சாமான்ல கை வச்சிருக்கேன். நல்லாத்தான் ஓடும். ஒரு நாளைக்கு அது போகும். போறப்ப நீங்களும் போவீங்க."

"எதுல?"

"வீடு போய்ச் சேந்ததும் பேச்சாயிகிட்டச் சொல்லி விடுறேன்."

அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பயம். நீங்கள் பயம் என்று சொல்வது வேறு. திருடன் பயம், பேய் பயம், அதற்கெல்லாம் ஒரு திசை உண்டு. இது திசை இல்லாதது. சோறு சாப்பிடும்போது கட்டில் காலைப் பார்ப்பேன். கிணற்றடியில் கப்பியைப் பார்ப்பேன். உலகத்தில் எல்லாமே ஏதோ ஒரு ஆணியில்தான் நிற்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எந்தச் சாமான் என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

நான் அடிக்கவில்லை. யாரையும் கை நீட்டி அடித்த வழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு தண்ணீர். தகரக் கூரை, சித்திரை வெயில். தினமும் காலையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு போய் எதிரே உட்காருவேன். எது என்று கேட்பேன். முதல் நாள் சிரித்தான். மறுநாள் பிரேக் என்றான். செம்பைக் கொடுக்கப் போனேன், அதற்குள் இல்லை ஸ்டீரிங் என்றான். நான் செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் அவனுக்குக் குரல் வரவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. சும்மா சொன்னேன். எல்லாம் சுத்தமான வேலை. தண்ணி குடுங்க."

இந்த இடத்தில் உங்களை நியாயம் கேட்கிறேன். நீங்கள் வியாபாரியாக இருந்தால் நம்புவீர்களா? உயிரையே விலையாகச் சொன்ன ஆள், இரண்டு நாளில் சும்மா எடுத்துக்கொள் என்கிறான். அப்படித் தடாலென்று விலையை இறக்குகிறவன் சரக்கில்தான் சொத்தை இருக்கும். அவன் இன்னும் நன்றாக யோசிக்கட்டும் என்று, செம்பைச் சங்கிலி எட்டாத இடத்தில் அவன் பார்க்கும்படி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்குச் சேலத்திலிருந்து இரும்பு லோடு வந்திருந்தது. இறக்கி எடை போட்டு முடிக்க இருட்டிவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் போக முடிந்தது.

செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவன் அதன் பக்கமாகக் கையை நீட்டியபடி கிடந்தான். வலது கை.

காருக்கு அடியில் படுத்து வேலை பார்க்க நாங்கள் வெட்டிய பள்ளம் கொட்டகையில் இருந்தது. அதில் வைத்து மூடினேன். மேலே சிமெண்ட் பூசிக் காரை அதன்மேல் நிறுத்தினேன். நீங்கள் ஆள் அனுப்பித் தோண்டிக்கொள்ளலாம்.

ஆள் போனானே தவிர பயம் போகவில்லை. எது என்று சொல்ல இனிமேல் யாரும் இல்லையே. மூன்று கோடு கீறின சாமான் கண்ணில் பட்டாலே துணியைப் போட்டு மூடிவிடுவேன். உயிருக்கு ஆபத்தான இடம் ஸ்டீரிங்கும் பிரேக்கும் என்பதால், அவற்றில் அவன் செய்ததை எல்லாம் கழற்றி, மதுரையில் ஒரு லேத் பட்டறையில் அதே அளவில் புதிதாகச் செய்து வாங்கி மாட்டினேன். பேரம் பேசிப் பாதிக்குப் பாதி குறைத்துத்தான் வாங்கினேன். பார்வைக்கு அவனுடையதைவிடப் பளபளப்பு.

அப்படியும் ஓட்டத் தைரியம் வரவில்லை. போன மாதம் நல்லுசாமி வந்து நின்றான். சேவுகம்பட்டிப் பக்கம் பெண் பார்க்கப் போக வேண்டும், காரைக் கொடுங்க என்றான்.

"ஏன் மச்சான், பூட்டியே வச்சு அடைகாக்கவா வாங்குனீங்க? ஒரு நாளைக்கு மாப்பிள்ளை மாதிரிப் போய் எறங்குறேனே."

கொடுத்தேன். நீங்களும் வாங்க மச்சான் என்றான். வயிற்றுவலி என்றேன். யாராவது ஒருவர் ஓட்டிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அதை எத்தனை நாளைக்குத் தள்ளிப்போடுவது? கையை ஆட்டிக்கொண்டே போனான். கொட்டகையில் காலியாகக் கிடந்த சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். செம்பட்டி தாண்டிப் புளியமரத்தில் மோதிவிட்டதாகச் சாயங்காலம் ஆள் வந்தது. பொய் சொல்வானேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அவன் சொன்ன அந்தச் சாமான் போயே போய்விட்டது, நான் வண்டியில் இல்லை. பிறகுதான் அழுதேன்.

இன்று காலையில் இரண்டு மூட்டுகளை இந்த மேசைமேல் வைத்தீர்கள். ஒன்று, வண்டியில் ஒடிந்து கிடந்த ஸ்டீரிங் மூட்டு. உள்ளே கோடு இல்லை. மதுரைச் சரக்கு. இன்னொன்று, நான் கழற்றிக் கொட்டகை மூலையில் எறிந்ததை உங்கள் ஆட்கள் எடுத்துவந்தது. மூன்று கோடு. அதை இடுக்கியில் பிடித்துச் சம்மட்டியால் அடித்துப் பார்த்ததாகவும் அது வளையக்கூட இல்லை என்றும் மோட்டார் இன்ஸ்பெக்டர் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாராம். அவன் செய்ததில் ஒரு கீறல்கூட இல்லையாம். இதைக் கழற்றாமல் விட்டிருந்தால் நல்லுசாமி பெண் பார்த்துவிட்டு வந்திருப்பான் என்றார்.

அதனால்தான் புகார். கை வைத்திருக்கிறேன் என்று சோலைமுத்து சொன்னது சுத்தப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நான் நல்ல சாமானைக் கழற்றினேன். கடைசியில் உண்மையைச் சொன்னானே என்கிறீர்கள். சொன்னான். ஆனால் நம்புகிற மாதிரிச் சொல்லவில்லை. அது சொன்னவன் குற்றமா, கேட்டவன் குற்றமா?

நான் கணக்குத் தெரியாதவன் இல்லை. என் பங்கை நான் மறைக்கவில்லை. சோலைமுத்துவின் உயிர் என் பற்றில் ஒன்று. நல்லுசாமியின் உயிர் சோலைமுத்துவின் பற்றில் ஒன்று. ஒன்றுக்கு ஒன்று கழித்துவிட்டால் அவனுக்கும் எனக்கும் நேராகிவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பேச்சாயி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். அவளை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் பெயரில் வரவும் இல்லை, பற்றும் இல்லை. அவளிடமிருந்து நான் எதையுமே எடுக்கவில்லையே ஐயா.