கலர் ஊத்தின கேக்

— எந்தக் கலரும்மா?

— ஃப்ரிட்ஜ் கதவுல இருந்துச்சே மாமா, அரை பாட்டில் கலர். குடிக்கிற கலர். அதத்தான் ஊத்தினேன்.

— ஊத்தினியா? எதுல?

— கேக் மாவுல. பாக்கெட் மாவக் கொட்டி, கலர ஊத்தி, கட்டியில்லாம கலக்கினாப் போதும். முட்டையும் வேணாம், எண்ணெயும் வேணாம். கலர்ல இருக்குற கேஸே கேக்கத் தூக்கி விட்டுரும். சத்தியமா மாமா, போன்ல ஒரு அம்மா செஞ்சு காட்டினாங்க. என்ன மாமா, ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி தரவா?

— தண்ணி வேணாம். காலி பாட்டில் எங்க?

— குப்பையில போட்டேன்.

— உங்க அத்தை எங்க?

— மாடியில. துணி எடுக்கப் போனாங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா. சத்தியமா அத்தை சொல்லித்தான் செஞ்சேன். கல்யாணமாகி வந்ததுலருந்து அவங்க என்கிட்ட வாயத் தெறந்து ஒண்ணு கேட்டதில்ல. இன்னிக்குத்தான், 'உன் வீட்டுக்காரனுக்குப் பொறந்தநாளு, ஒரு கேக் செய்யி'ன்னாங்க. முட்டை வாங்கிட்டு வரட்டுமா அத்தைன்னேன். மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. 'முட்டை வேணாம். ஃப்ரிட்ஜ்ல கலர் இருக்கு, ஊத்திக்கோ'ன்னாங்க.

— அவ சொன்னது கேக்குக்குப் போடுற கலரும்மா. முட்டை வைக்கிற குழியில சின்ன சீசாவுல செவப்பு கலர் இருக்கு பாரு. அதுல ரெண்டு சொட்டு. அளவெடுக்காம துணிய வெட்டிட்டியே.

— எனக்கெப்டி மாமா தெரியும்? எங்க வீட்ல கலர்னா குடிக்கிறதுதான். யாராச்சும் வந்தா 'ஓடிப்போயி ஒரு கலர் வாங்கிட்டு வா'ம்பாங்க. அரை பாட்டில் கலருக்கா உங்களுக்கு இப்டி வேர்த்து ஊத்துது?

— இந்த வீட்ல ஏன் முட்டை வாங்குறதில்லன்னு உன் வீட்டுக்காரன் சொன்னானா?

— கேக்காதன்னார். நானும் கேக்கல. யாருக்கோ ஒத்துக்காது போலன்னு விட்டுட்டேன்.

— பெரியவன் வண்டியில அடிபட்டுப் போனான்னு தெரியும்ல. எதுக்குப் போனான் தெரியுமா? முட்டை வாங்க. இதே நாளு. சின்னவனுக்குத்தான் கேக்கு. மாவ சலிச்சு வச்சிட்டுப் பாத்தா முட்டை இல்ல. உங்க அத்தைதான் அனுப்பினா. அவன் கலர் குடிச்சிட்டு இருந்தான். பாதியில மூடி, ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிட்டு, 'மீதிய வந்து குடிக்கிறேன், தம்பிக்குக் குடுத்துராதம்மா'ன்னுட்டுப் போனான். சின்னவன் பொறந்த நாளும் பெரியவன் போன நாளும் ஒண்ணாப் போச்சு. நாலு வருஷமா இந்த வீட்ல யாரும் கேக்குங்குற பேச்சே எடுக்குறதில்ல.

— மாமா, அந்தப் பாட்டிலா?

— கதவுல இருந்த பாட்டில்தான்.

— ஐயோ. அவர் வாய் வச்சத எடுத்து மாவுல ஊத்திட்டேனே. அத்தை மொகத்துல எப்டி முழிப்பேன்? தினம் காலையில ஃப்ரிட்ஜத் தெறந்து அந்தக் கதவையே பாத்துட்டு நிப்பாங்க. பாலத் தேடுறாங்கன்னுல நெனச்சேன். நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடவா மாமா?

— அழாதம்மா. நான் சொல்றத கேளு.

— இருங்க மாமா. ஊத்துறப்ப புஸ்ஸுன்னு நுரைச்சு, பாத்திரத்துக்கு மேல வந்துச்சே.

— வந்தா என்ன?

— நாலு வருஷம் முன்னாடி தெறந்த கலர்ல ஏது மாமா கேஸு? ஓவன்ல பாருங்க, கேக் எப்டி எழும்பி நிக்குதுன்னு. கேஸ் போன கலர ஊத்தினா களி மாதிரி படுத்துக்கும். சத்தியமா இது பழைய கலர் இல்ல.

— மெதுவாப் பேசு, மாடிக்குக் கேக்கும். அது நான் வாங்கி வச்சது. நேத்துதான்.

— நேத்தா?

— அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு, தண்ணி குடிக்க ஃப்ரிட்ஜத் தெறக்குறேன், பாட்டில் இல்ல. வீடு பூரா ஜனம். யாரோ தெரியாம எடுத்துக் குடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். அவ பாத்தா தாங்குவாளா? நேரா கடைக்குப் போயி அதே மாதிரி ஒண்ணு வாங்கி, பாதியக் கொட்டிட்டு, லேபிளோட கீழ்க்கோட்டுக்கு சரியா நிறுத்தி வச்சேன். வாழ்நாள் பூரா டேப்பும் கையுமா தச்சவன், எனக்கு அளவு தப்பாது. அப்புறம் கலர் மேல பூசணம் கட்டுச்சு. அதுலருந்து மாசாமாசம் மாத்திட்டு வரேன்.

— அத்தைகிட்ட சொல்லிட்டா என்ன மாமா?

— நீ அப்ப அவளப் பாக்கல. மொத மாசம் ஒரு பேச்சு இல்ல. சோறு இல்ல, தூக்கம் இல்ல. நான் வாசக்கதவத் தாழ்ப்பா போட்டா, எந்திரிச்சுப் போயி எடுத்து விட்டுருவா. நான் போட, அவ எடுக்க. திருடன் வந்தா வரட்டும்னு கடைசியில நானும் விட்டுட்டேன். பித்துப் பிடிச்சவளாட்டம் இருந்தா. அந்தப் பாட்டிலத்தான் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சு வந்தா. இப்ப அதுவும் இல்லன்னா? ஒத்த நூல்ல நிக்கிற தையலும்மா அது. இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிரும். நான் கடைக்கு ஓடிட்டு வந்துர்றேன். அவ எறங்கினா பேச்சுக் குடுத்துட்டு இரு. ஃப்ரிட்ஜ் பக்கம் விடாத.

— எனக்குப் பொய் சொல்ல வராது மாமா. மொகத்துலயே ஒட்டியிருக்கும்.

— வரலன்னாலும் வரவழைச்சுக்க. என் செருப்பு எங்க?

— அவசரமா எங்கங்க கெளம்பிட்டீங்க?

— நீயா. துணி காஞ்சுதா? பால் வாங்கிட்டு வரேன்.

— பால் இருக்கு. ஏம்மா, இந்தத் துணியப் பிடி. கேக் வாசன மாடிப்படி வரைக்கும் வருது. எழும்பியிருக்கா?

— எழும்பியிருக்கு அத்தை. அத்தை, நான் தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க சொன்னது செவப்பு கலர்னு புரியாம...

— செவப்பு கலரா? அத யாரு சொன்னா? நான் சொன்னது குடிக்கிற கலரத்தான். கதவுல இருந்தத.

— என்ன பேசுற நீ? அது பெரியவனோடது.

— செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க. பெரியவனோடத அன்னிக்கே நான் தொட்டியில கொட்டிட்டேன். முட்டைக்கு அனுப்பினவ நானு. வந்து குடிக்கிறேன்னு அவன் வச்சிட்டுப் போனத வச்சிக்கிட்டு, இந்த வீட்ல நான் எப்டிங்க நடமாடுவேன்?

— நீயா கொட்டின?

— நானேதான். மறுநாள் காலையில தெறந்தா, அதே எடத்துல, அதே அளவுல நிக்குது.

— உனக்காகத்தானடி வச்சேன். தினம் அதையே பாத்துட்டு நிப்பியே.

— உங்களுக்காகத்தாங்க நின்னேன். நான் பாக்குறேனான்னு நீங்க பாத்துட்டு இருந்தீங்க. வாங்கி வாங்கி வைக்கிற மனுஷன், இது இல்லன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு பட்டுச்சு. இன்னிக்கு என்னால முடியல. சின்னவனும் என் வயித்துல பொறந்தவன்தானே. அதான் ஊத்திரச் சொன்னேன்.

— நான்தான் வைக்கிறேன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?

— மொதல்ல தெரியாது. வந்து குடிக்கிறேன்னவன் வந்துட்டான்னு நெனச்சேன். நான் கொட்டிட்டேன்னு கோவிச்சிக்கிட்டு, அவனே வாங்கியாந்து வச்சிருக்கான்னு. மறுபடியும் வருவான்ல. கதவத் தாழ்ப்பா போட்டா எப்டி உள்ள வருவான்?

— அதுக்கா தெனமும் எடுத்து விட்ட?

— கண்ண மூடாம வாசலப் பாத்துட்டுக் கெடந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில பின்வாசல்ல நீங்க குத்தவச்சு உக்காந்து, புதுப் பாட்டில்ல பாதியக் கொட்டிட்டு, வெளிச்சத்துல தூக்கி அளவு பாத்துட்டு இருந்தீங்க. அன்னிக்குத்தாங்க வாசக்கதவ நானே சாத்தித் தாழ்ப்பா போட்டேன்.