செல்வலட்சுமி வாசலில் ஒரு செப்புத் தகடு

தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே, மேடையில் வியர்த்துக்கொண்டிருக்கும் சபைப் பெரியோர்களே, தாயில்பட்டித் தாய்மார்களே! பிரசங்க நேரத்தில் உறங்குவோர் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவனாகிய சோணைமுத்து பேசுகிறேன். போன புதன்கிழமை நெஞ்சுவலியில் நம்மை விட்டுப் போன அன்புச் சகோதரி செல்வலட்சுமி, என் அக்காள் மகள்.

அவள் சிரிப்பை மறக்க முடியுமா? இங்கே சிரித்தால் நாரணாபுரத்தில் கேட்கும். எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்ததோ என்று தீயணைப்பு வண்டி இரண்டு முறை புறப்பட்டு வந்திருக்கிறது! ஞானஸ்நானத்தின்போது பேரை மாற்றச் சொன்னதற்கு, "ஆண்டவருக்கு இந்தப் பேருதான் பழகியிருக்கு, அவரை எதுக்குக் குழப்பணும்?" என்றாளே!

அந்தச் சிரிப்புக்காரியின் இரண்டு கைகளும் பதினோரு வருஷத்துக்கு முன்பு வெந்தன. வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும்; உடம்பில் ஏறிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். அவள் தொட மறந்தாள் என்றுதான் ஊரே சொன்னது.

கை ஆறியதும் என்ன செய்தாள்? சனிக்கிழமை தவறாமல் தீக்காய வார்டுக்குப் போனாள். மடங்கிப்போன விரல்களால் கஞ்சி ஊட்டினாள். "கடவுள் ஏங்க்கா என்னைச் சுட்டாரு?" என்று ஒருத்தி அழுதாள். "அவரு சுடல, ஆத்தா. உன்கூடச் சேந்து வெந்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.

தன் வீட்டு வாசலிலும் ஒரு செப்புத் தகட்டை அடித்துவைத்தாள். "மனசுல ஏறுன சூட்டை அங்கன எறக்கிட்டு வாங்க. தெனமும் ஏறும், தெனமும் எறக்கணும்" என்பாள். நான் மட்டும் தொடவே மாட்டேன். "எனக்கேது சூடு? நான் ஐஸ் பெட்டியில பொறந்தவன்!" என்று தாண்டிப் போவேன்.

ஒருநாள் மறித்துக்கொண்டாள். "மாமா, எனக்கு வெந்ததை டாக்டர் பாத்தாரு. உங்களுக்கு உள்ள வெந்து கெடக்கே, அதை யாரு பாப்பா? சபையில எந்திரிச்சுச் சொல்லிருங்க. தோலு புதுசா வந்த மாதிரி உள்ளயும் வரும்."

"ஈஸ்டருக்குச் சொல்றேன் தாயி" என்றேன். மூன்று ஈஸ்டர் போயிற்று.

இப்போது சொல்கிறேன். அவள் மறக்கவில்லை. அந்தக் கம்பெனியில் அப்போது நான்தான் போர்மேன். தீபாவளி சீசன். தகட்டைத் தொடக் கை நீட்டியவளிடம், "லோடு ஏத்த லாரி நிக்கி, அதுக்கெல்லாம் நேரமில்ல, ஓடு புள்ள!" என்று கத்தியவன் நான். விசாரணையில் பழியை அவள்மேல் போட்டவனும் நானே. கட்டுப்போட்ட கைகளோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை மறுத்தாளா? மறுநாள் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா மாமா?" என்றாளே, ஐயோ!

கைக்குட்டை வேண்டாம் போதகர் ஐயா. இது வியர்வை.

செல்வலட்சுமி! இங்கே சொன்னதை விசாரித்த ஆபீசிலும் எழுதிக் கொடுப்பேன். சனிக்கிழமை வார்டில் கஞ்சிப் பாத்திரத்தோடு நிற்பேன். எனக்கு ஊட்டத் தெரியாது. பாதி அவர்கள் சட்டையில்தான் போகும். நீ பழக்கிய கூட்டம் அதற்கும் சிரிக்கும்.

அதற்கு முன்னால், இங்கிருந்து நேராக உன் வாசலுக்கு வருகிறேன் தாயி. இன்றைக்குத் தாண்டிப் போக மாட்டேன்.