ராஜலிங்கம் திறந்துவிட்ட வன்தட்டு

கணினி மேசையில் யாரும் தேநீர்க் கோப்பை வைப்பது எனக்குப் பிடிக்காது. கண்டியில் அந்தத் தட்டச்சு நிலையத்தில் நான் பொறுப்பாயிருந்த வரையில் ஒருவரும் வைத்ததில்லை. இரண்டாயிரத்து எட்டில் ஊரெல்லாம் திருட்டு விண்டோசும் வைரசுமாகக் கிடந்தபோது, எங்கள் மூன்று கணினிகளிலும் லினக்ஸ் ஓடியது.

தொல்லை ஒன்றுதான். தமிழ்ப் பக்கம் அமைக்கிற மென்பொருள் விண்டோசுக்கென்றே செய்தது. உள்ளே என்ன செய்கிறதென்று விற்றவனுக்குத்தான் தெரியும். அதை வைன் என்ற இடைமென்பொருளைக் கொண்டு லினக்ஸிலேயே ஓட்டினேன். நம்பி அல்ல. அதற்கென்று தனிக் கணக்கு, இணையம் கிடையாது, ஒரே ஒரு கோப்புறைதான் அதன் கண்ணில் படும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்த எனக்கு அது எளிய காரியம்.

மஹய்யாவையைச் சேர்ந்த தட்டச்சாளர் ராஜலிங்கத்துக்கு அது விளங்கவில்லை. விளங்குமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், வன்தட்டு முழுவதையும் அந்த மென்பொருளுக்குத் திறந்துவிட்டிருந்தார்.

"ஆர் உமக்கு இதைத் திறக்கச் சொன்னது?"

"நான்தாங்க சேர் தொறந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒத்த போல்டருக்குத் தூக்கிட்டுப் போக முடியல. வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

ஆளுங்க என்றது, வாகனத்தில் வந்து பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி அலையும் தேயிலைத் தோட்டத்துக்காரர்களை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பார். எதெது திறந்து கிடக்கிறதென்று பார்க்கும்போது அவற்றை வாசித்தேன். இருபத்தாறு குடும்பங்கள். எந்த வாகனம் வந்தது, அது எங்கே நிற்கும், யார் கண்டார்கள், கண்டவர் இப்போது எந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒளிந்திருக்கிறார், எல்லாம் இருந்தது.

மூடினேன். மறுபடி திறந்தார். மறுபடியும் மூடினேன். அவர் சிரித்தார்.

"நம்மகிட்ட என்னங்க சேர் இருக்கு? யாரு வந்து பாக்கப் போறா?"

கேட்ட கேள்விக்கு அவருக்கு ஒரு விடை கிடைக்க வேண்டுமென்று எனக்குப் பட்டது. மனுக்களை ஒரு சீடியில் பதிந்தேன். புதன்கிழமை ரயிலில் கம்பளைக்குப் போய், அந்த மனுக்களில் சொல்லியிருந்த அதே வாகனத்தின் ஆட்களிடம் கொடுத்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அந்த வாரமே சாட்சிகளில் ஐந்து பேர் காணாமற்போனார்கள். ராஜலிங்கத்தை அம்பிட்டிய வீதியில் வைத்து வாகனத்தில் ஏற்றினார்கள். மென்பொருள் வழியாக ஓர் எழுத்தும் வெளியே போகவில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி சுப்பம்மா வந்தார்.

"அவரு இருந்தா அவரே மனு அடிச்சிருப்பாரு. இப்ப ஒங்களத் தவிர எங்களுக்கு யாருங்க சேர் இருக்கா?"

கதிரையில் உட்காரச் சொன்னேன். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, கணவரைத் தேடித் தரும்படி ஒரு மனு அடித்துக் கொடுத்தேன். அவர் எழுதி வந்த தாளிலிருந்த பிழைகளையும் திருத்தினேன். அழுகிற பெண்ணைக் காக்க வைக்கிற மனிதன் நான் இல்லை.