டெல்ஃபின் பேர் ஒட்டின ஜாடி

தம்பி, முதல்ல எங்கிட்ட சொன்னது பெர்னிஸ்தான், பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஹோம்கமிங் வாரம், பழைய மாணவருங்க ஊர் திரும்பற திருவிழா, புதன்கிழமை. மிஸ் கோல்ட்வெல், ஒங்க நாடகக்காரி டெல்ஃபின்தான் இந்தத் தடவ பள்ளிக்கூட ராணி, பசங்க எல்லாரும் அவளுக்குத்தான் வோட்டுப் போடறாங்கன்னா.

இருங்க, பணம் போடத்தான் வந்தேன். பழைய மாணவர் ராணிக்கு ஒரு டாலருக்கு ஒரு வோட்டு, தெரியும். பின்னாடி யாரும் நிக்கலையே, எல்லாரும் சாப்பிட சில்லிக் கறி வாங்கப் போயாச்சு. அந்த ஜாடிங்கள மொதல்ல வரிசையா வைங்க. முப்பத்தெட்டு வருஷம் டீச்சரா இருந்தவ, கோணலப் பாத்தா கண்ணு உறுத்தும்.

டெல்ஃபினத் தெரியாதா? ஓ, ஒங்க சம்சாரம்தான் இங்க படிச்சவங்களா? மாப்பிள்ளைய ஜாடிக்குக் காவல் வச்சுட்டு ஊர் சுத்தப் போயிட்டாங்களாக்கும். நல்லாருக்கு.

டெல்ஃபின் என் மேடையில வளந்தவ. மொதல் வருஷம் அவ பேசினா முன்வரிசைக்கே கேக்காது. கடைசி வரிசையில காது கேக்காத கெழவன் ஒருத்தன் ஒக்காந்திருக்கான், அவனுக்குப் பேசுடின்னு சொல்லிச் சொல்லி நான் உண்டாக்கின குரல் அது. அந்த வருஷம் அவளுக்குக் கலங்கரை விளக்கக்காரி வேஷம். சனிக்கிழமை நாடகம். வியாழக்கிழமை ஒத்திகைக்கு எப்படி வந்தா தெரியுமா? நெஞ்சுல செவ்வந்தி! ஹோம்கமிங்குக்குப் பசங்க தனக்குப் புடிச்ச பொண்ணுக்குக் குடுக்கற பட்டுப் பூ, இவளுக்கு ராய்னு ஒரு பையன் குடுத்தது. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குத்தான் குத்திக்கணும், இவளுக்குப் பொறுக்கல. பூ சாப்பாட்டுத் தட்டு அகலம், முழங்கால் வரைக்கும் ரிப்பன், நுனியெல்லாம் மணி. புருஷன் கடல்ல செத்த சேதி வர்ற காட்சி. இவ அழறா, ஜல் ஜல் ஜல். கழட்டி வைடின்னேன். ராயோட அம்மா கையால கட்டினது மிஸ், ஒரு நாளைக்கு மட்டும்னு சிரிக்கிறா.

பொறாமையான்னா கேக்கறீங்க? வெடுக்குனு கேட்டுட்டீங்களே. இதே பள்ளிக்கூடத்துலதான் நானும் படிச்சேன். கடைசி வருஷம் வகுப்புல பதினாலு பொண்ணுங்க. பதிமூணு பேர் நெஞ்சுல செவ்வந்தி மணி அடிச்சுது. நான் நூலகத்துல புஸ்தகம் அடுக்கினேன். சத்தம் வராதவங்களுக்கு அது நல்ல எடம்.

அதோட போயிருந்தா விட்டிருப்பேன். எனக்குன்னு இருந்தது அந்த மேடை ஒண்ணுதான். அதுல அவ எம்பொண்ணு. மைதானத்துக்குப் போயிட்டா ஊருக்குப் பொண்ணு. கிரீடத்த வச்சுட்டாங்கன்னா சனிக்கிழமை கூட்டம் யாரப் பாக்க வரும்? ராணிய. நான் செதுக்கின நடிகைய இல்ல.

வோட்டுச் சீட்ட பெர்னிஸும் ஒரு டீச்சரும் எண்ணுவாங்க. அந்தத் தடவ அந்த வேலைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அரை மார்க்குகூட சும்மா போடாதவன்னு எனக்குப் பேரு.

வெள்ளிக்கிழமை ஆட்டத்து நடுவுல பேர் படிச்சாங்க. போட்டியில நின்ன இன்னொருத்தி, மார்லீஸுக்குக் கிரீடம். டெல்ஃபினுக்கு ஒம்போது வோட்டுக் கொறச்சல். சிரிச்ச மொகம் மாறாம கைதட்டினா.

மறுநாள் நடிச்சா பாருங்க, அந்தக் காது கேக்காத கெழவன்கூட அழுதிருப்பான். முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. மிஸ், இந்த ஊர்லயே எனக்குச் சரியா மார்க்குப் போட்டவங்க நீங்கதான்னா. அப்புறம் அந்தச் செவ்வந்திய எடுத்து என் சட்டையில குத்தினா. நீங்க ஒண்ணுகூடக் குத்திக்கிட்டதில்லையாமே, பெர்னிஸ் சொன்னாங்கன்னா.

வீட்டுக்கு நடந்துதான் போனேன். தெரு முழுக்க ஜல் ஜல் ஜல்.

இன்னிக்கி நாப்பத்திநாலு வயசுல மறுபடியும் போட்டியில நிக்கறா. அதோ, கடைசி ஜாடி, அவ பேர் ஒட்டினது. இந்தாங்க. எண்ணிக்கோங்க.

பத்து இல்ல, திரும்ப எண்ணுங்க, விரல்ல எச்சில் தொடாம. மீதியெல்லாம் வேணாம், சரியாத்தான் கொண்டாந்திருக்கேன். முழுசா இருபதாப் போட்டா என்னவா? அது தர்மம் ஆயிடும் தம்பி. அன்னிக்கி பெர்னிஸ் காப்பி எடுக்கப் போன நேரத்துல அவ பேர் எழுதின சீட்டு என் கைப்பைக்குள்ள எத்தன போச்சோ, அத்தனதான் இது. நோட்டுல எழுதுங்க, எழுத்துத் தெளிவா இருக்கணும். டெல்ஃபின் ரஸ்க், பதினோரு டாலர்.