குங்குமம் வைத்த நாலு டிஸ்க்

டீயை மூடி வைத்திருக்கலாம். இந்த ஊரில் ஐந்தே நிமிடத்தில் ஆறி, மேலே ஆடை படிந்துவிடும். முப்பது வருடம் ஏற்காட்டில் பாடம் நடத்தியவருக்கு இதுகூடத் தெரியாதா?

அற்புதம் அம்மா, ட்ரஸ்ட் தலைவியான நீங்கள் என் முன்னால் வெள்ளைத் தாள்களை வைத்தபோது என் மனதில் ஓடியது இதுதான். வெளியே சொல்லவில்லை. "எல்லாத்தையும் உன் கையாலயே எழுதிரு சிவசக்தி. கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம். ட்ரஸ்ட்டுல இருக்கறவங்களுக்குப் புரியணும்" என்றீர்கள்.

எழுதுகிறேன். எளிமையாகச் சொல்வது எனக்குப் பழக்கம்தான். இந்த ஆவணக் காப்பகத்தின் சர்வரைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அதில் பத்து வருடம், புரிந்துகொள்ள விரும்பாதவர்களுக்கு எளிமையாகச் சொல்வதிலேயே போனது.

அந்தச் சர்வரில் இருந்தவை அறுபத்து மூன்று வீடியோக்கள். மலைமேல் இருக்கும் ஊர்களின் பெரியவர்கள் தங்கள் காட்டின் எல்லையை நடந்து காட்டியவை. இந்தப் பலா மரம் வரைக்கும் எங்களுது, இந்தக் குத்துக்கல்லுக்கு அந்தாண்ட பங்காளி ஊட்டுது என்று கைகாட்டிக்கொண்டே நடப்பார்கள். எங்கள் மலர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நான்கு வருடம் அவர்கள் பின்னால் நடந்தாள். பட்டா இல்லாத குடும்பங்களுக்கு விசாரணையில் காட்ட வேறொன்றும் கிடையாது. நடந்து காட்டியவர்களில் பத்தொன்பது பேர் இன்று உயிரோடு இல்லை. பாவாயியின் கணவர் பொன்னுவேல் அவர்களில் ஒருவர். அவர் வைத்த ஆரஞ்சு மரங்களைப் பக்கத்து எஸ்டேட் தன்னுடையது என்கிறது. வரும் வியாழக்கிழமை சேலத்தில் பாவாயிக்கு விசாரணை.

இதையெல்லாம் நான் அறிந்தே இருந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

ஒரே இயந்திரம், அதில் லினக்ஸ், அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். இதை மேலாளர் மாரியப்பனுக்கு ஒருநாள் விளக்கினேன்.

"ஒரே ஊட்டுக்குள்ள மூணு குடித்தனம் மாதிரிங்க. ஒரு குடித்தனத்துல சண்டைன்னா அடுத்ததுக்குக் கேக்காது."

"அப்ப பாத்ரூம் ஒண்ணா மூணாம்மா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தெரியாமல் கேட்டாலும் சரியான கேள்வியைத்தான் கேட்டார். பாத்ரூம் ஒன்றுதான். மூன்று மெஷின்களும் ஒரே நாலு டிஸ்கில்தான் எழுதுகின்றன. அந்த நாலில் ஒன்று செத்தால் மற்ற மூன்றும் அதன் பங்கைச் சுமக்கும். இரண்டாவதும் செத்தால் ஒன்றும் மிஞ்சாது. நாலு டிஸ்க் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே என்பார்கள். அது வீட்டைப் படம் பிடித்து அதே வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பது. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். பேக்கப் என்றால் வேறு டிஸ்க், வேறு இடம். அதையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

இதை மூன்று முறை மாரியப்பனுக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பார்க்கலாம் என்றார். இரண்டாவதை அழகாக பைலில் கோத்து வைத்தார். மூன்றாவதை மார்ச் பதினொன்றாம் தேதி, மதியம் மூன்றே காலுக்கு நடந்த கூட்டத்தில் எடுத்தார்.

"நம்ம சிவசக்தி எப்பப் பாத்தாலும் செத்துருவோம் செத்துருவோம்னே எழுதுது. நல்ல நாள்ல பொறந்திருக்காது போல."

பதினான்கு பேர் சிரித்தார்கள். மலர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள், ஆனால் அதிக நேரம் சிரித்தாள். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மூன்றாவது டிஸ்க் செத்தது. சர்வர் பீப் பீப் என்று கத்தியது. எச்சரிக்கை என் போனுக்கு மட்டும்தான் வரும், அப்படித்தான் அமைத்திருந்தேன். நான் போய் அந்தச் சத்தத்தை நிறுத்தினேன். மற்றவர்கள் வேலை செய்ய வேண்டுமே.

நான்காவது கடிதம் எழுதவில்லை. மூன்று முறை சொன்னால் அறிவுரை. நான்காவது முறை சொன்னால் கெஞ்சல். என்னைக் கெஞ்சும் இடத்துக்குத் தள்ளியது நான் இல்லை.

ஆனாலும் மறைக்கவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு மாரியப்பன் இது என்ன என்று கேட்டார். "ஒரு டிஸ்க்கு கவனம் கேக்குதுங்க" என்றேன்.

"இங்க எல்லாருமே கவனந்தான் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி போய்விட்டார். அவர் நின்று, என்ன ஆச்சு என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் முழுவதும் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த ஒன்பது நாட்கள், பகலில் எல்லோரும் பார்க்க, என் சொந்த டிஸ்க் ஒன்றைச் சர்வரில் மாட்டி அறுபத்து மூன்று வீடியோக்களையும் பிரதி எடுத்தேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஒரு பொறுப்பான நிர்வாகி செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். இப்போது உங்கள் மேசைமேல் இருப்பது அந்த டிஸ்க்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் பூஜைக்கு எதுவும் விடுபடாது. ஜீப், கேமரா, பிரிண்டர், ஸ்டேப்ளர்கூடச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சர்வருக்கு வருடா வருடம் பெட்டிமேல் மூன்று பொட்டு. இந்த வருடம் மாரியப்பனுக்குப் புது யோசனை.

"பெட்டிக்கு வெச்சு என்னம்மா ஆகும்? உழைக்கறது உள்ளார இருக்கற நாலு டிஸ்க்கு. அதுக்குத்தானே வெக்கணும்? ஓடறப்பவே ஒண்ணை உருவலாம், ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே உருவிக் காமிச்ச?"

உண்மைதான். இரண்டு வருடம் முன்பு, சேலத்திலிருந்து வந்த விருந்தினர்கள் முன்னால் உருவிக் காட்டியிருந்தேன். அன்று நாலும் உயிரோடு இருந்தன. அன்றைக்கு அவர் என்னை அவர்களிடம், "இது நம்ம வயரு பாக்கற பொண்ணு" என்று அறிமுகப்படுத்தினார்.

"ஆமாங்க, காமிச்சேன்" என்றேன்.

"அப்ப ஒண்ணொண்ணா உருவிப் பொட்டு வெச்சிடலாமா?"

குங்குமக் கிண்ணம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவருக்கு எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முதல் டிஸ்கை உருவினார். அப்போது மலர் பக்கத்து மேசையில், பாவாயியின் விசாரணைக்காகப் பொன்னுவேலின் வீடியோவை ஓடவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பொன்னுவேல் கையை நீட்டியபடியே திரையில் நின்றுவிட்டார்.

"அக்கா, நின்னு போச்சு" என்றாள் மலர்.

"இருடா கண்ணு, சாமி கும்புட்டதும் ஓடும்" என்றார் மாரியப்பன். நாலு டிஸ்கையும் உருவி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, கைக்கு வந்த வரிசையில் திரும்பச் செருகினார். கற்பூரம் காட்டினார். பொன்னுவேல் அசையவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். மாரியப்பன் வீடியோக்களை அழிக்கவில்லை. அந்த நேரத்திலும் அவை டிஸ்குகளில் அப்படியே இருந்தன. இப்படி ஆகும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் செய்யாமல் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். பிறகு வரிசையை நிதானமாகக் கண்டுபிடித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். பதினொரு வருடத்தில் முதல் முறையாக அத்தனை பேரும் என் திரையைப் பார்த்தார்கள். மாரியப்பனின் விரல்களில் குங்குமம், நெற்றியில் வியர்வை. "ஏதாச்சும் பண்ணு கண்ணு" என்றார்.

பண்ணினேன். அவர் செருகிய தவறான வரிசையிலேயே, செத்த டிஸ்கையும் சேர்த்து, நாலையும் புதிதாக ஒன்றாகக் கட்டும்படி கட்டளை கொடுத்தேன். பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும் கட்டளை அது. இதில் ஏற்கனவே தகவல் இருக்கிறது, நிச்சயமாகத் தொடரவா என்று இயந்திரம் கேட்டது. அந்த அலுவலகத்தில் என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டது அது ஒன்றுதான். ஆம் என்று தட்டினேன்.

எண்கள் திரையில் ஏறிக்கொண்டே போயின. மலர் கைகூப்பி நின்றாள், சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து.

அறுபத்து மூன்றும் போய்விட்டன என்று அறிவித்ததும் நான்தான். ஒரு மணி நேரம் விடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரம் அவர்கள் தவிக்கட்டும், பிறகு என் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைக்கலாம். அதிகமாக ஆசைப்படவில்லை. நீ அப்போதே சொன்னாய் என்று ஒருவர் சொன்னால் போதும்.

மாரியப்பன் மறுநாளே சொன்னார். "நீ அப்பவே சொன்னம்மா. நாந்தான் கேக்கல." ஆனால் டீ குடிக்கப் போகும் வழியில், யாரும் இல்லாதபோது சொன்னார். சிரித்தது பதினான்கு பேர் முன்னால் அல்லவா? திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், குரல் உடைந்து சொன்னார். ஆனால் உட்கார்ந்துகொண்டே சொன்னார். அன்று மாலை மலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்களுக்காக எவ்வளவு போராடுனீங்க அக்கா, நொம்ப நன்றி" என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவளுக்குச் சங்கடமாக இருக்காதா?

பிறகு மலைப்பாதையில் மண் சரிந்திருந்ததால் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு சேலத்திலிருந்து ஸ்டெபின் வந்தான். அழிந்த தகவலை மீட்கும் வேலை செய்கிறவன். டிஸ்குகளில் மீட்க ஒன்றும் இல்லை என்றான். நடப்பதையெல்லாம் சர்வர் தானே குறித்துவைக்கும் பதிவேடான லாக்கைத் திறந்து பார்த்தான். எச்சரிக்கைச் சத்தம் எந்தத் தேதியில், யார் பெயரில் நிறுத்தப்பட்டது, ஒன்பது நாள் எந்த டிஸ்க் வெளியிலிருந்து மாட்டப்பட்டிருந்தது, கடைசிக் கட்டளையைக் கொடுத்தது யார், எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்க மேடம், இத்தனை தெரிஞ்ச நீங்க லாக்க அழிக்கலையே?"

நான் அழிக்கமாட்டேன், அம்மா. லாக்கை அழிப்பது இந்தத் தொழிலுக்குச் செய்யும் துரோகம். சில விஷயங்களில் நான் கண்டிப்பானவள்.

டிஸ்க் எங்கே என்று நீங்கள் கேட்டதும் என் அறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். அது நல்ல நிலையில் இருக்கிறது. இந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் அதைத் திறந்து ஒரு வீடியோவாவது ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் பொன்னுவேலுடையது. அவர் கை நீட்டுவது ஓடைப் பக்கம் இருக்கும் மூன்றாவது குத்துக்கல்லை நோக்கி. அதற்கு மேலே இருப்பது தான் கல்யாணமான வருடம் வைத்த மரங்கள் என்கிறார். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்படுகிறார். இன்றைய தேதியில் உலகத்தில் இதைப் பார்க்க முடிந்தவள் நான் ஒருத்திதான்.

பாஸ்வேர்டு இல்லாமல் ஸ்டெபினால் மட்டுமல்ல, யாராலும் அதைத் திறக்க முடியாது. அதைத்தான் நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். தராவிட்டால் போலீஸுக்குப் போவோம் என்கிறீர்கள். போகலாம். தந்துவிட்டால் புகார் இல்லை, வேலைகூட இருக்கும் என்கிறீர்கள். பெருந்தன்மை. மாரியப்பன் பக்கத்து அறையில் நிற்கிறார் என்றும், நான் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போடத் தயார் என்றும் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவர் எழுத வேண்டியது என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இந்த வரியை எழுதும்போது பாவாயியை உள்ளே கூட்டி வந்திருக்கிறீர்கள். இது நியாயமில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் எழுந்து நாற்காலி கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வந்திருப்பார் போல. அவருக்குச் சர்வரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. மேசைமேல் இருந்த டிஸ்கைப் பார்த்தார். தொடலாமா என்று உங்களைப் பார்த்தார். நீங்கள் தலையசைத்ததும் அதைக் கையில் எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"எங்கூட்டுக்காரரு இதுக்குள்ளதான் இருக்கறாருங்களா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"நடக்கறாருங்களா?"

"நடக்கறாருங்க."

"காடு கெடைக்குது கெடைக்காமப் போவுது சாமி, அது வேற. அவரு நடக்கறத ஒருக்காப் பாக்கோணும். தொறந்து குடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

இந்த அம்மாள் ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. என்னை வயர் பார்க்கிற பெண் என்று சொன்னதில்லை. இவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு யார்மேலும் எந்த வருத்தமும் இல்லை. இது முழுக்க முழுக்க முறை சார்ந்த விஷயம்.

"இல்லீங்கம்மா, முடியாதுங்க" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.