ஏகமனதாகத் தெரிவானவர்

உங்கள் தேநீரில் சீனி சற்றுக் கூட, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மனிதன் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும்.

என் பெயர் கனகலிங்கம். சண்டிலிப்பாயில் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பதினான்கு வருடமாக நான்தான் தலைவர். பதவிக்கு நான் ஆசைப்பட்டதில்லை. என்னை விட்டால் ஆளில்லை என்பதைக் கூட்டங்களில் நானே பலமுறை விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

தலைமை என்றால் என்னவென்று நான் படித்தது சோவியத் ஒன்றியத்தில். விவசாயப் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசிலில் போனேன். படித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றியம் உடைந்து, நான் இருந்த குடியரசு தனி நாடாகிவிட்டது. நேற்றுவரை கட்சிச் செயலாளராக இருந்தவர் அதே கதிரையில் ஜனாதிபதியாக இருந்தார். இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்கக்கூடாது என்று நாட்டின் அரசியல் யாப்பில் இருந்தது. அவர் யாப்பைத் திருத்தி, தவணையை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். தேர்தலில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு வீதம். மீதி இரண்டையும் ஏன் விட்டார்கள் என்று என் அறைத்தோழனைக் கேட்டேன். நம்புகிற மாதிரி இருக்க வேண்டாமா என்றான்.

அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்னர் ஓர் அணை திறபட்டுப் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம். ஜனாதிபதி முழங்கால் தண்ணீரில் நின்று பாண் கொடுத்தார். சனம் அவர் கையை முத்தமிட்டது. திறக்கச் சொன்னதே அவர்தான் என்று சந்தையில் கதைத்தார்கள். அறைத்தோழன் பல்லைக் கடித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆபத்தில்லாத ஊரில் தலைவனை யார் தேடப்போகிறார்கள்?

ஊருக்கு வந்து தலைவரானதும் நிலையத்தின் யாப்பை நானும் திருத்தினேன். அதன்படி எனக்கு இது முதல் தவணைதான்.

எங்கள் பக்கம் வீட்டுக் கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீருக்கு அறுபது வீடும் நிலையத்துக் கிணற்றுக்குத்தான் வரவேண்டும். சனம் அடிபடாமல் இருக்க நேர அட்டவணை போட்டவனும் நான். ஆறு மணிக்குப் படலை திறக்கும். செத்தவீடு நடந்து துடக்கில் இருப்பவர்கள் பொதுக்கிணற்றில் வாளி போடமாட்டார்கள். அயலவர்தான் அள்ளிக் கொடுப்பார்கள். அந்தக் குடங்கள் மற்றக் குடங்களோடு முட்டக்கூடாது என்று சிலர் முறையிட்டார்கள். அவர்களுக்கென்று ஐந்தரை மணியை ஒதுக்கினேன். யார் மனமும் நோகாத ஒழுங்கு.

போன வைகாசியில் சுபாஸ்கரன் என் வீட்டுக்கு வந்தான். வங்கியில் வேலை, மரியாதையான பெடியன்.

"அண்ணை, பதினாலு வருஷம் காணும். இந்தமுறை வோட்டு வைப்பம். நானும் கேக்கப்போறன்," என்றான்.

"ஓம் தம்பி, கேளும். நல்ல விசயந்தானே," என்றேன்.

அவன் போனதும் என் மனைவி பத்மாவதி வீடு வீடாக யோசித்துப் பார்த்து, பாதிக்கு மேல் அவன் பக்கம் என்றாள். அவளுக்கு ஊர் நாடி தெரியும்.

தலைவரைத் தெரிவு செய்கிற கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. விடிய ஐந்து மணிக்கு, வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கிணற்றில் ஊற்றினேன். நீங்கள் என் கொட்டிலில் எடுத்த போத்தல் அதுதான். ஆறு மணிக்குச் சனம் வரும்போது மணத்தை நானே கண்டுபிடித்து, கிணற்றை இறைப்பித்து, பவுசரில் தண்ணீர் கொண்டுவருவது என்று திட்டம். ஒருவருக்கும் தீங்கில்லை. அப்படியே நடந்தது. வாளிகளோடு வந்த சனத்தின் முன்னால் கைகளை விரித்து மறித்தேன். என் குரல் தழுதழுத்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஆனால் சுபாஸ்கரனின் தாய் இறந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். அயல்வீட்டுப் பராசக்தி ஐந்தரைக்கே அவர்களுக்கு ஒரு குடம் அள்ளிக் கொடுத்துவிட்டாள். அவளுக்குத் தடிமன், மணம் தெரியவில்லை. சுபாஸ்கரனின் மகள் மதுராவுக்கு எட்டு வயது. எழும்பியதும் தண்ணீர் குடிக்கிற பழக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் வான் வண்டியில்தான் ஏற்றினோம், நான்தான் ஓட்டினேன். மானிப்பாய் தாண்டும்போது பின்னால் முனகல் நின்றுவிட்டது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பார்க்கிற கண்கள் இருக்கின்றன அல்லவா.

ஐந்தரை மணி எனக்கு மறந்துபோனதா என்று கேட்கிறீர்கள். அட்டவணையை எழுதியவனுக்கு எப்படி மறக்கும்? நான் நிலையத்துக்குள்ளேயே இருந்தேன். வாளி விழுந்த சத்தம் கேட்டது.

"ஆர் உள்ளுக்கை? அண்ணையே?" என்றாள் பராசக்தி.

"ஓம் பிள்ளை, நான்தான். நீ அள்ளு," என்றேன்.

ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் அதைப் பார்த்திருக்கப்போவது பராசக்தி ஒருத்திதான். அது யாருடைய குடம் என்றும் எனக்குத் தெரியும்.

கூட்டத்தை ஒரு மாதம் ஒத்திவைத்தோம். என் பெயரை முன்மொழிந்தது சுபாஸ்கரன். தாடி வளர்ந்து, உருக்குலைந்து போயிருந்தான்.

"அண்ணை மறிச்சிராட்டி அண்டைக்கு இன்னும் எத்தினை பிள்ளையள் போயிருக்குங்கள்," என்று சொல்லி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யில்லை, ஐயா. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் பெற்ற தகப்பனே எழுந்து நின்று என்னைத் தெரிவு செய்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு நான் கெடுதல் செய்தேன் என்று சொல்ல நீங்கள் யார்?